தெரிந்த முகங்களே நிறைந்த ஊரில் யாரிடம் மனம் திறப்பது?

கேள்வி: எனக்கு வயது 36. தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார். மாமியார், திருமணமாகாத நாத்தனார், இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஏழு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. பள்ளி இடைவேளையில் கழிப்பறைக்குள் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், எல்லாம் நார்மல், ரெஸ்ட் எடுங்கள் என்றார். சில நாள்களில் எதற்காக எழுந்திருக்கிறோம் என்றுகூடத் தோன்றுகிறது. கவுன்சலிங் போகலாம் என்றால், ஊரில் இருக்கும் ஒரே கவுன்சலர் என் கணவரின் சித்தப்பா வீட்டு மருமகள்; எனக்கு ஓரகத்தி முறை. மதுரையிலிருந்து ஞாயிறுதோறும் வரும் மனநல மருத்துவர், எங்கள் தெருக்காரர் நடத்தும் மெடிக்கலின் மாடியில் உட்கார்ந்து பார்க்கிறார். நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில், அந்த வீட்டு மருமகளுக்குப் புத்தி சரியில்லையாம் என்று பேச்சுக் கிளம்பினால் என்ன ஆகும்? ஓரகத்தியிடமே சத்தியம் வாங்கிக்கொண்டு பேசலாமா? போனில் பேசினால் பலன் உண்டா? ஆஸ்பத்திரிச் சீட்டு பின்னாளில் எனக்கு எதிராகத் திரும்புமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதம் வந்த உறையின் மேல் உங்கள் ஊர் அஞ்சலக முத்திரை இல்லை. பக்கத்து ஊருக்குப் போய் அங்குள்ள பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். ஒரு கடிதம் போடுவதற்கே இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கும் ஒருவரிடம், "தயங்காமல் நல்ல ஆலோசகரைப் பாருங்கள்" என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவது சரியாக இருக்காது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மேலே வெளியாகியிருக்கும் உங்கள் கேள்வியில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டோம். உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இன்னும் இரண்டு மூன்று விவரங்களையும் மாற்றி, கடிதத்தைச் சுருக்கியே வெளியிட்டிருக்கிறோம். உங்கள் பள்ளியில் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தாலும் அது நீங்கள்தான் என்று அறிய வழியில்லை.

மற்றவற்றுக்குப் போகும் முன், கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். எதற்காக எழுந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றீர்கள். அது களைப்பில் வரும் சலிப்பா, அல்லது செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமா? நேரில் வந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இரண்டாவதுதான் என்றால், இனி நான் எழுதப்போகும் ஏற்பாடுகள் எதற்கும் காத்திராமல் இன்றே 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கிவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடக்கும் வேளையிலும் 14416-இல் ஆள் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் அச்சத்துக்கு வருவோம். கடிதத்தை இரண்டு முறை படித்தபோது, அதில் இரண்டு வேறு அச்சங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரிந்தது. போகும்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது ஒன்று. நாம் சொல்வதை, கேட்பவரே வெளியில் சொல்லிவிடுவாரோ என்பது மற்றொன்று. முதலாவது கட்டடத்தையும் தெருவையும் பற்றியது. இரண்டாவது மனிதரைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்வதால்தான், ஓரகத்தி, மெடிக்கல் மாடி என்று ஊரில் இருக்கும் இரண்டு வழியுமே அடைபட்டதாக உங்களுக்குப் படுகிறது. பிரித்துப் பார்த்தால், ஒரு வழிதான் உண்மையில் அடைபட்டது. மற்றதன் வாசல் மட்டும்தான் சரியில்லை.

அடைபட்ட வழி உங்கள் ஓரகத்தி. அவர் நல்லவராகவே இருக்கலாம், நன்றாகப் படித்தவராகவும் இருக்கலாம், சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்யலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் அவரிடம் போகாதீர்கள் என்றே சொல்வேன். நீங்கள் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லும்போது, அதே மாமியார் அவருக்குப் பெரியத்தை என்பது உங்கள் இருவருக்குமே நினைவிருக்கும். நீங்கள் சொல்ல வந்ததில் பாதியை விழுங்குவீர்கள், அவர் கேட்டதில் பாதிக்குத் தன் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் நீங்களும் அவரும் சேர்ந்து வளையல் தட்டை ஏந்தி நிற்க வேண்டியிருக்கும். அங்கே மாமியார் உங்களைப் பற்றி ஒரு குறை சொன்னால், அவர் எந்த முகத்தை வைத்துக்கொள்வார்? வாய் திறக்காவிட்டாலும் முகம் காட்டிக்கொடுக்கும். எங்கள் தொழிலில் இதை இரட்டை உறவு என்போம். ஒருவரோடு ஏற்கெனவே வேறொரு உறவில் இருக்கும்போது, அவருக்கு ஆலோசகராகவும் இருப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பது பல நாட்டு உளவியலாளர்களின் நெறிமுறைகளிலும் இருக்கிறது. உண்மையில், நீங்கள் போய்க் கேட்டு அவர் முறையாகப் பயின்றவராக இருந்தால், "நான் பார்ப்பது சரியில்லை, வேறொருவரிடம் அனுப்புகிறேன்" என்று அவரே சொல்லியிருப்பார். ஒருவேளை "எனக்கென்ன, நம்ம வீட்டுப் பிள்ளைதானே, வா" என்று கூப்பிட்டால், அவருடைய பயிற்சியைப் பற்றியே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஆனால் அவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் பள்ளிக்கும் அவ்வப்போது வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய சிக்கலில் இருக்கும் மாணவர்களை அவர் வெளியூரில் யாரிடம் அனுப்புகிறார் என்று ஓர் ஆசிரியையாகக் கேட்டுக்கொள்ள உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தப் பெயர்கள் உங்களுக்கும் பயன்படும்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை மருத்துவர். நீங்கள் அவரைக் கழித்துவிட்டீர்கள். நானோ அவரைத்தான் முதலில் பிடித்துக்கொள்வேன். அவர் மதுரைக்காரர். உங்கள் தெருவில் யார் யாருக்கு என்ன முறை என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்குத் தேவையும் இல்லை. குறை அந்த மாடிப்படியில் மட்டும்தான். கீழே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தெருக்காரர், யார் ஏறுகிறார், எவ்வளவு நேரம் கழித்து இறங்குகிறார், என்ன மாத்திரை வாங்குகிறார் என்பதையெல்லாம் வேண்டுமென்றே பார்க்காவிட்டாலும் பார்த்துவிடுவார். ஆகவே அதே மருத்துவரை வாரநாள் ஒன்றில் மதுரையில் போய்ப் பாருங்கள். ஞாயிறு மட்டும் வெளியூர் வந்து போகும் மருத்துவர்களுக்குச் சொந்த ஊரில் ஒரு கிளினிக்கோ மருத்துவமனைப் பணியோ பெரும்பாலும் இருக்கும். மாடியில் ஒட்டியிருக்கும் பலகையிலேயே அந்த முகவரியும் இருக்கலாம். ஒரு நாள் விடுப்பும் பேருந்துக் கட்டணமும் செலவாகும் என்பதை மறுக்கவில்லை. மாதம் ஒருமுறை அது முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

அதுவும் முடியாது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பரிந்துரைப்பேன். இங்கே பலர் என்னோடு வாதாடுவார்கள். அவ்வளவு கூட்டத்தில், நம் பக்கத்து ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வந்து போகும் இடத்தில் மறைவு ஏது என்பார்கள். என் அனுபவம் நேர்மாறானது. தனியாக ஒரு தெருவில் "மனநல ஆலோசனை மையம்" என்று பலகை தொங்கும் வீட்டுக்குள் நுழைகிறவரை எதிரில் டீக்கடையில் நிற்கும் நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி வளாகத்திலோ கண்ணுக்கு வந்தவர், சுகருக்கு வந்தவர், பிரசவம் பார்க்க வந்தவர், சோற்று வாளியோடு வந்தவர் என்று எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தெரிந்தவர் எதிரே வந்து "என்ன இந்தப் பக்கம்?" என்று கேட்டால், "தைராய்டு டெஸ்ட் எடுக்கணும்னாங்க" என்று நீங்கள் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது, ஏனென்றால் உங்களுக்கு அந்தப் பரிசோதனை உண்மையிலேயே எடுக்க வேண்டும். வரிசையில் பெயரைக் கூவி அழைப்பது ஒன்றுதான் தொல்லை. ஓ.பி. சீட்டைக் கொடுக்கும்போதே, "சிஸ்டர், பெயர் சொல்லாமல் கையைக் காட்டிக் கூப்பிடுங்கள்" என்று மெதுவாகச் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். இந்த நெரிசலிலும் எத்தனை பேர் வந்து போவது என்று மலைத்துவிடாதீர்கள், வராதவர்கள்தான் அதிகம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்குள்ளேயே வந்திருக்கவில்லை.

உங்களுக்கு இன்னும் அருகில் வேண்டுமென்றால், 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மட்டுமன்றி, குறிப்பிட்ட நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்த நாள், எந்த ஊர் என்பதைத் தென்காசி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் வட்டத்துக்கு வரும் நாளைத் தவிர்த்துவிட்டு அடுத்த வட்டத்துக்கு வரும் நாளில் போகலாம். மாத்திரைகள் அங்கேயே இலவசமாகக் கிடைப்பதால், தெரு மெடிக்கலில் சீட்டை நீட்ட வேண்டிய அவசியமும் இல்லாமற்போகும்.

யாரைப் பார்ப்பது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித்தர உரிமை உள்ளவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருந்து எழுதமாட்டார், பேச்சு வழியிலான சிகிச்சையும் மனநலச் சோதனைகளும் செய்வார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன என்று கேட்டால் முறையாகப் படித்த எவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்; அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும். கவுன்சலர் என்ற சொல்தான் சிக்கல். சமூகப்பணியிலோ உளவியலிலோ முதுகலை முடித்து, மேற்பார்வையில் பல ஆண்டுகள் பழகிய அருமையான கவுன்சலர்களும் உண்டு. மூன்று வார வகுப்புக்குப் போய்வந்து சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் இவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது என்றாலும், இன்று ஒரு சிற்றூரில் தொங்கும் பலகையை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். ஏழு மாதத் தூக்கமின்மையும் படபடப்பும் இருப்பதால், உங்கள் விஷயத்தில் முதல் சந்திப்பு மருத்துவரிடம் இருக்கட்டும். தொடர்ந்து பேச ஆலோசகர் தேவை என்றால் அவரே வழிகாட்டுவார்.

இனி இரண்டாவது அச்சம்: கேட்டவர் சொல்லிவிடுவாரோ என்பது. 2018 மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உங்கள் மனநலம் பற்றியும் சிகிச்சை பற்றியும் இரகசியம் காக்கப்படுவதை உங்கள் உரிமை என்றே வகுத்திருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவப் பணியாளர் எல்லோருக்கும் அது கடமை. விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் அதைத் தடுக்கத் தேவையான அளவுக்குச் சொல்லலாம்; உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்றொரு மருத்துவரிடம் சொல்லலாம்; உயர் நீதிமன்றம் போன்ற அதிகார அமைப்பு உத்தரவிட்டால் தர வேண்டும். இவற்றோடு நியமனப் பிரதிநிதி என்று ஒருவர் வருகிறார். இதை நம் பக்கத்தில் பலரும் அறியமாட்டார்கள். உங்கள் சார்பில் பேசவும் தேவையான விவரங்களைப் பெறவும் உரிமையுள்ள அந்த ஒருவரை, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நீங்களே நியமித்துவிடலாம். அவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் அம்மாவாகவோ உடன் படித்த தோழியாகவோ இருக்கலாம். நியமிக்காவிட்டால் அந்த இடத்துக்கு உறவினர் வந்துவிடுவார் என்பதால், மாமியார் காதுக்குப் போகக் கூடாது என்று கவலைப்படும் உங்களுக்கு அந்த ஒரு தாள் மிகவும் உதவும்.

சீட்டு எதிராகத் திரும்புமா என்று கேட்டீர்கள். விவாகரத்து வழக்கை மனத்தில் வைத்துத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் சுற்றிவளைத்துக் கேட்ட பல பெண்களை நான் அறிவேன். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநோய் ஒரு காரணமாகக் குறிப்பிடப்பட்டிருப்பது உண்மை. ஆனால், குணப்படுத்த இயலாத நிலையாகவோ, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கான நிலையாகவோ அது இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நோய் என்ற பெயர் இருப்பது மட்டும் போதாது, அதன் அளவையும் பார்க்க வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியிருக்கிறது. தூக்கம் வராமல் மருத்துவரைப் பார்த்து மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்கும் போய்வரும் ஒருவர் அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார்.

சட்டம் இருந்தாலும் வாய் தவறுவது மனிதருக்கு இயல்பு. இதை நான் என்னை வைத்தே சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, உள்ளன்போடுதான், "இப்போ தூக்கம் நல்லா வருதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் என்னையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. இலையில் இருந்த அப்பளத்தைச் சாப்பிடாமல் விரலால் பொடித்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வரவில்லை. அன்றிலிருந்து முதல் சந்திப்பிலேயே எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வெளியில் எங்கே பார்த்தாலும் நானாக உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன், பேசாமல் கடந்து போனால் தவறாக நினைக்கமாட்டேன்.

நீங்கள் பார்க்கப்போகிறவர் இதைத் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். வெளியில் சந்தித்தால் என்ன செய்வீர்கள், உங்கள் குறிப்பேட்டில் என் பெயர் எப்படி எழுதப்படும், அதை யார் திறந்து பார்க்க முடியும், வீட்டிலிருந்து யாராவது போன் செய்து விசாரித்தால் என்ன சொல்வீர்கள் — இவற்றை முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடலாம். பதிலைவிட, பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். "உங்க ஊரா? உங்க ஊர்ல இன்னாரைத் தெரியுமே, அவங்க பொண்ணும் இங்கதான் வந்துச்சு" என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், நாளை அடுத்த நாற்காலியில் உட்காருகிறவரிடம் உங்களையும் அப்படித்தான் சொல்வார். மாறாக, முகம் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டாம். பேருந்தில் பார்த்திருக்கிறோம், அவர் பிள்ளையும் நம் பள்ளியில் படிக்கிறது என்ற அளவிலான பழக்கம் சிற்றூரில் தவிர்க்க முடியாதது. உங்கள் வீட்டு விவகாரத்தில் அவருக்கு லாபமோ நட்டமோ இல்லையென்றால், அவரிடம் தாராளமாகப் பேசலாம்.

போனில் பேசினால் பலன் உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்பதே பதில், சில வரம்புகளோடு. 14416-ஐத் தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் மட்டும்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. தூக்கம் வரவில்லை என்பதற்கும் அழைக்கலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பும் தருவார்கள். ஆனால் அடுத்த முறை அழைக்கும்போது வேறொருவர் எடுக்கக்கூடும் என்பதால், பல மாதம் தொடர்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை அதில் மட்டும் செய்ய இயலாது. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஓர் உளவியலாளரோடு வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசும் ஏற்பாடு அதற்குப் பொருத்தம். உங்கள் ஊரின் எந்தக் கிளையிலும் சேராத ஒருவர் கிடைப்பார் என்பது அதில் உள்ள பெரிய வசதி. மருத்துவரைப் பொறுத்தவரை, சில மருந்துகளை நேரில் பார்க்காமல் எழுதித்தர அனுமதி இல்லை என்பதால், ஒரு முறையாவது நேரில் போகத்தான் வேண்டியிருக்கும்.

வீடியோவில் ஆலோசகர் தூரத்தில் இருக்கிறார்; வீட்டார் பக்கத்தில் இருக்கிறார்கள். கதவில்லாத வீட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதுதான் எல்லோரையும் தடுக்கிறது. என்னிடம் பேசிய ஒரு பெண் தறிக்கூடத்தை ஒட்டிய அறையைத் தேர்ந்தெடுத்தார். தறி ஓடும் சத்தத்தில் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது என்பது அவர் கணக்கு, எனக்கும் கேட்கவில்லை. பிறகு மாலையில் பள்ளி விட்டதும் தாள் திருத்துவதாக வகுப்பறையிலேயே இருந்து பேசத் தொடங்கினார். நடுவில் யாராவது வந்துவிட்டால் "சிலிண்டர் இன்னும் வரலையே" என்பார். நான் உடனே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். உங்கள் ஆலோசகரோடு இப்படி ஒரு சொல்லை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் செருகும் ஹெட்போன் போட்டுக்கொண்டால் எதிர்ப்பக்கக் குரலாவது வெளியில் கேட்காது.

சிறு தடயங்களையும் கவனிக்க வேண்டும். கணவரும் பார்க்கும் வங்கிக் கணக்கிலிருந்து ஜிபேயில் பணம் அனுப்பினால் கிளினிக்கின் பெயர் அதில் பதிவாகும். ரொக்கமாகக் கொடுங்கள் அல்லது உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல் குறுஞ்செய்தி வேண்டாம் என்று வரவேற்பில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் விளையாட எடுக்கும் போன் என்றால், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் இருந்து அந்த எண்ணை நீக்கிவிடுங்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. நல்லவர், ஆனால் எதையும் அம்மாவிடம் சொல்லிவிடுவார் என்று ஒரே ஒரு வரி. வேறு பெண்களுக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் கடிதத்தில் அவரிடம் அச்சம் எங்கும் தென்படவில்லை. ஏழு மாதமாக மூன்று மணிக்கு எழுந்து உட்காரும் மனைவியை அவர் ஒரு நாளாவது கவனித்திருப்பார். அவரிடம் எல்லாவற்றையும் இப்போதே கொட்ட வேண்டாம். "எனக்குத் தூக்கமே இல்லை, படபடப்பு நிற்கவில்லை, ஹைகிரவுண்டில் ஒருமுறை காட்டிவிட்டு வரலாம், அத்தையிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முழுக்க முழுக்க யாருக்குமே தெரியாமல் மாதக்கணக்கில் சிகிச்சையை நடத்துவது, நோயைவிட ஆளைக் களைக்கவைக்கும் வேலை. அதனால் இடையில் நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அவருக்கு அது முடியாது என்று உங்களுக்குப் பட்டால், அந்த ஒருவர் உங்கள் அம்மாவாக இருக்கட்டும்.

உங்களுக்கு என்ன நோய் என்று கடிதத்தை வைத்து நான் பெயர் சூட்டமாட்டேன். அதிகாலை விழிப்பும், காரணமில்லாத அழுகையும், படபடப்பும் மனச்சோர்விலும் பதற்றத்திலும் அடிக்கடி சேர்ந்து வருபவை. தைராய்டுக் கோளாறும் இரத்தசோகையும்கூட இதே வேடத்தில் வருவதுண்டு என்பதால்தான் மேலே அந்தப் பரிசோதனையைக் குறிப்பிட்டேன். மருத்துவர் மாத்திரை எழுதினால், மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதை அறிந்தே தொடங்குங்கள். பத்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்றோ, ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது என்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போகும் நாளில் பழைய ஈ.சி.ஜி. தாளையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு, புறநோயாளிச் சீட்டுக் காலையில்தான் தருவார்கள் என்பதால் முதல் பேருந்திலேயே கிளம்புங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பேச்சு வராமல் அழுகை மட்டும் வரக்கூடும்; அப்படி வந்தால் எங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகலை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நடுவில் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.